பதினாறு வயது, ஸ்பெயின், ஒரு டி.சி.: கால்பந்து மாணவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 2023 டிசம்பரிலிருந்து 2025 அக்டோபர் வரை என் மாணவன் ஒருவன் விஷயத்தில் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பத்தின் சம்மதம் உண்டு. பெயர் எதையும் சொல்லவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பணம் கட்டினால் பையனை வெளிநாட்டுக் கால்பந்து அகாடமிக்கு அனுப்புகிறோம் என்ற பேச்சு இப்போது பல ஊர் மைதானங்களில் ஓடுகிறது. அதைக் கேட்கும் பெற்றோருக்கும், என்னைப் போன்ற பி.டி. மாஸ்டர்களுக்கும் இது பயன்படட்டும்.

பின்னணி

இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு மீனவ ஊர்கள் இங்கே தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கின்றன. நீரோடியைத் தாண்டினால் கேரளம். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கொஞ்சம் மணல் கிடைத்தால் போதும், அங்கே பந்து உருளும். ஊர்த் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் டோர்னமென்ட் நடக்காத ஊர் இல்லை. இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையில் பிறந்தவர். அவர் பெயரைச் சொல்லாமல் இங்கே எந்தப் பையனும் பூட்ஸ் கேட்டு அழுவதில்லை.

இன்னொரு பின்னணியையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியிலிருந்து போட் ஏறுவார்கள். ஒரு தடவை போனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் கரை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதற்கு அப்புறம், பிள்ளையைக் கடலுக்கு விடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளாத அம்மா இந்தக் கரையில் கிடையாது. 'ஸ்பெயின்' என்ற சொல்லை ஒருவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போது அம்மாவின் காதில் விழுவது கால்பந்து இல்லை. கடல் இல்லாத ஒரு வாழ்க்கை. அதைப் பேராசை என்று நினைக்கிறவர்கள் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ளவே முடியாது.

மாணவன் 2007 ஆகஸ்டில் பிறந்தவன். இடது கால், இடது விங்கில், அதாவது மைதானத்தின் இடது ஓரத்தில் ஆடுவான். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் ப்ராக்டிஸ். வேகம் மட்டும் இருந்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மணலில் ஓடி வளர்ந்த எல்லோரிடமும் வேகம் இருக்கும். இவனிடம் இருந்தது நிதானம். பந்து காலுக்கு வரும் முன்பே தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிடுவான். மாநில அளவிலான பள்ளிப் போட்டிகளில் இரண்டு வருஷம் ஆடியிருக்கிறான். 2023-24இல் பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். படிப்பில் நடுத்தரம். அப்பா ஆழ்கடல் தொழிலாளி, அம்மா வீட்டில், அக்கா பி.எஸ்சி. நர்ஸிங் இரண்டாம் வருஷம்.

2023 டிசம்பர் – 2024 ஜனவரி: ஏஜென்ட் வருகிறார்

டிசம்பர் 27ஆம் தேதி கிறிஸ்துமஸ் டோர்னமென்ட்டின் அரையிறுதி. எர்ணாகுளத்திலிருந்து வந்ததாகச் சொன்ன ஒருவர் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஐரோப்பிய அகாடமிகளுக்கு ஆள் தேடுகிறார் என்று கமிட்டியில் அறிமுகப்படுத்தினார்கள். நல்ல பையன்களின் பட்டியல் வேண்டும் என்று கமிட்டி என்னைக் கேட்டது. எட்டுப் பெயரும் வீட்டு போன் நம்பரும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கொடுத்த கை என்னுடையது. இந்த ஆய்வை எழுத அதுவும் ஒரு காரணம்.

அவர் ஊரில் இரண்டு வீடுகளுக்குப் போனார். ஒன்று இவன் வீடு. இன்னொன்று இவனுடைய கூட்டாளி வீடு. அந்தப் பையனின் அப்பா வளைகுடாவில் வேலை செய்கிறார், பையன் வேறொரு பள்ளி மாணவன். இரண்டு வீட்டிலும் சொன்னது ஒரே கதை. ஸ்பெயினில் ஒரு அகாடமி. பத்து மாதம் தங்கிப் பயிற்சி. வாரம் ஒரு மேட்ச். நான்காம், ஐந்தாம் டிவிஷன் கிளப்புகள் வந்து பார்க்கும், பிடித்தால் கான்ட்ராக்ட். மொத்தச் செலவு 12 லட்சம். சீட்டை உறுதி செய்ய 2 லட்சம் அட்வான்ஸ். 'ஈஷான் பண்டிதா பள்ளி வயசில் ஸ்பெயினுக்குப் போகவில்லையா?' என்றும் கேட்டிருக்கிறார். அந்த இந்திய வீரர் போனார், அது உண்மை. ஆனால் ஸ்பெயினின் லெகானேஸ் கிளப்போடு அவர் கையெழுத்திட்டது 2016இல், 18 வயது முடிந்த பிறகு. அந்தப் பாதி இவர்களிடம் சொல்லப்படவில்லை.

ஜனவரி 11ஆம் தேதி அட்வான்ஸ் போனது. அம்மாவின் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம், போட் உரிமையாளரிடம் கைமாற்றாக 50 ஆயிரம். அப்பா அப்போது கடலில். விஷயம் அவருக்குத் தெரியாது.

பொங்கல் விடுமுறை முடிந்தும் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஜனவரி 22ஆம் தேதி அம்மா வந்து டி.சி. கேட்டார். விசா வேலை மார்ச்சில் இருக்கும், அதற்குள் பள்ளியிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னாராம்.

நாங்கள் எடுத்த முதல் முடிவும் அதன் விளைவும்

அந்த வருஷம் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு மார்ச் 4ஆம் தேதி தொடங்க இருந்தது. தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் அவன் பெயர் போயாகிவிட்டது. ஆறு வாரம் பொறுத்துத் தேர்வை எழுதினால் ஒரு வருஷப் படிப்பு கையில் நிற்கும். டி.சி. கொடுத்தால் எல்லாம் வீண். தலைமை ஆசிரியரும் நானும் பேசி, டி.சி.யைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்தோம். 'கிளார்க் லீவு', 'கையெழுத்து பாக்கி' என்று சொல்லிச் சொல்லி அனுப்பினோம்.

நோக்கம் சரி, செய்தது தப்பு. பெற்றோர் கேட்டால் டி.சி. கொடுக்க வேண்டியது பள்ளியின் கடமை. காரணத்தை நேருக்கு நேர் சொல்லியிருக்கலாம், சொல்லாமல் இழுத்தோம். அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டான் என்றால், மாஸ்டருக்கு நான் மேலே போவது பிடிக்கவில்லை என்று. மாலை ப்ராக்டிஸுக்கும் வருவதை நிறுத்தினான். ஐந்து வருஷம் கட்டிய நம்பிக்கை ஒரு வாரத்தில் போயிற்று. ஏஜென்ட் அந்த இடைவெளியில் நன்றாக நுழைந்துகொண்டார். 'உள்ளூர் கோச்சுகள் எல்லோரும் இப்படித்தான்' என்று அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியதைப் பிற்பாடு அவனே எனக்குப் போட்டுக் காட்டினான்.

வீட்டில் கண்டது

ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது, திட்டுவான் என்று மனைவி சொன்னாள். அவன் திட்டவில்லை, உள்ளே எழுந்து போய்விட்டான். அம்மாதான் பேசினார்.

'சாரே, அவனுக்க அப்பா கடல்ல கெடக்காரு. நான் யார்ட்ட கேப்பேன்? ஒரு வாட்டிதான வாய்ப்பு வரும்.'

ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னேன். 100 ரூபாய் முத்திரைத்தாளும் பின்னால் மூன்று தாளும் இருந்தன. எல்லாம் ஆங்கிலம். அக்காவும் நானும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். 'பயிற்சித் திட்டம்' என்று இருந்தது. 'தங்குமிடம்', 'மொழி வகுப்பு', 'வாய்ப்புகளை அறிமுகப்படுத்துதல்' என்று இருந்தது. எந்தக் கிளப்பின் பெயரும் இல்லை. கான்ட்ராக்ட் என்ற சொல் நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. அட்வான்ஸ் எந்தச் சூழலிலும் திருப்பித் தரப்படாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அப்பாவின் கையெழுத்துக்கான இடத்தில் அம்மாவே அப்பாவின் பெயரை எழுதியிருந்தார். 'அப்படிப் போட்டா போதும்' என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார்.

ஏஜென்ட் கள்ளப் பத்திரம் எதையும் கொடுக்கவில்லை. தாளில் எழுதியது ஒன்று, வாயால் சொன்னது இன்னொன்று. கேட்டவர்கள் வாய்ச்சொல்லுக்குப் பணம் கட்டினார்கள். இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

விதி என்ன சொல்கிறது

அன்று இரவு உட்கார்ந்து, உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் வீரர் பதிவு, மாற்றம் பற்றிய விதிகளைப் படித்தேன். இருபது வருஷமாகக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் படித்ததில்லை. 19ஆம் பிரிவு சொல்வது எளிமையானது. 18 வயது முடியாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கிளப்பில் பதிவு செய்ய முடியாது.

விதிவிலக்கு சில உண்டு. பெற்றோர் கால்பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோயிருந்தால் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வயதுக்காரர்கள் மாறலாம். அங்கேயும் பையனின் படிப்புக்குப் புதுக் கிளப் பொறுப்பேற்க வேண்டும். எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வீடும், மறுபக்கம் அதே தூரத்துக்குள் கிளப்பும் இருந்தால் முடியும். அகதிகளுக்கும், படிப்புப் பரிமாற்றத் திட்டத்தில் போகும் மாணவர்களுக்கும் தனி வழி உண்டு. இரவிபுத்தன்துறைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு இதில் எதுவும் பொருந்தாது.

பெற்றோருக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது ஒரு வழி கிடைத்தது. பள்ளி மாற டி.சி. வேண்டும் அல்லவா? கால்பந்திலும் அதே மாதிரி ஒரு டி.சி. உண்டு. வேறு நாட்டில் போய் ஆட வேண்டுமென்றால் இங்குள்ள கால்பந்துக் கூட்டமைப்பு அங்குள்ள கூட்டமைப்புக்கு சர்வதேச மாற்றுச் சான்று அனுப்ப வேண்டும். அது இல்லாமல் லீக் மேட்ச் ஆட முடியாது. 18 ஆகாத பையன் என்றால், ஃபிஃபாவின் அனுமதி கிடைத்த பிறகுதான் அந்தச் சான்றைக் கேட்கவே முடியும். இதைச் சொன்னதும் அம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. பள்ளி டி.சி.க்காக அலைந்த கால் அல்லவா.

ஏஜென்ட் பற்றியும் பார்த்தேன். 2023 அக்டோபர் 1 முதல் வீரர்களுக்காகப் பேரம் பேசுகிறவர் ஃபிஃபா உரிமம் வைத்திருக்க வேண்டும். தேர்வு எழுதித்தான் உரிமம். பட்டியலை ஃபிஃபா தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். மைனரிடம் பேச வேண்டுமென்றால் முதலில் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதுவும் அந்த நாட்டுச் சட்டப்படி முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதம் முன்புதான் பேச்சையே எடுக்கலாம். எங்கள் ஆளின் பெயர் பட்டியலில் இல்லை. கேட்டபோது, 'நான் ஏஜென்ட் இல்லை, கல்வி ஆலோசகர்' என்றார். மேடையில் வேறு மாதிரி அறிமுகப்படுத்தினார்களே என்றேன். போனை வைத்துவிட்டார்.

பலிக்காத முயற்சி

விதியைச் சொன்னால் பையன் கேட்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினாறு வயசுக்கு விதி எப்போதும் வேறு யாருக்கோ எழுதியது. ஆளைக் காட்டலாம் என்று நினைத்தேன்.

மலப்புரம் பக்கம் நவம்பரிலிருந்து மே வரை செவன்ஸ் ஆட்டம் களைகட்டும். ஏழு பேர் ஆடும் ஆட்டம்; கூட்டமைப்பின் கணக்கில் வராதது, ஆனால் மூங்கில் கேலரி நிறைய ஆயிரக்கணக்கில் கூட்டம். கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளிலிருந்து பையன்கள் வந்து மேட்சுக்கு இவ்வளவு என்று ஆடுகிறார்கள். ஐரோப்பா என்று கிளம்பி இங்கே வந்து சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. இவனுடைய மாமா மகன் ஒரு செவன்ஸ் டீமில் ஆடுகிறான். பிப்ரவரி 3ஆம் தேதி அவன் மூலமாக இவனையும் கூட்டிக்கொண்டு மஞ்சேரி போனேன். ஒரு கானா வீரர் எங்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். 19 வயதில் வீட்டு நிலத்தை விற்றுக் கிளம்பியவர். முதல் ஏஜென்ட் பணத்தோடு போனான், இரண்டாவது ஏஜென்ட் இந்தியாவுக்கு டிக்கெட் போட்டான், பாஸ்போர்ட்டைப் பல மாதம் கண்ணில் பார்க்கவில்லை என்றார். பொறுமையாக, வருத்தம் காட்டாமல் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நம்ம ஆள் பேசவே இல்லை. திருவனந்தபுரம் தாண்டியதும் ஒரே வாக்கியம்: 'அந்த அண்ணன் அவ்வளவு நல்லா களிக்கல (ஆடவில்லை) சாரே, அதான்.'

பயமுறுத்தித் திருத்தலாம் என்று நான் நினைத்தது தப்பு. திறமை இருக்கிற பையன் மற்றவனின் தோல்வியைப் பார்த்தால், தன் திறமையின் மேல் நம்பிக்கைதான் கூடுகிறது.

அக்கா எழுதிய மின்னஞ்சல்

திருப்பம் அக்காவால் வந்தது. ஏஜென்ட் வாய்வழியாக ஒரு கிளப்பின் பெயரைச் சொல்லியிருந்தார். அந்தக் கிளப்பின் தளத்தைத் தேடிப் பிடித்து, மொழிபெயர்ப்புச் செயலி வைத்து ஸ்பானிஷில் எட்டு வரி எழுதி அனுப்பினாள். என் தம்பி இந்தியன், 16 வயது, பெற்றோர் இந்தியாவில், உங்கள் இளையோர் அணியில் ஆட முடியுமா, இந்த நிறுவனத்தோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா. அவ்வளவுதான். நான்காம் நாள் பதில் வந்தது. அந்த நிறுவனத்தை எங்களுக்குத் தெரியாது. பெற்றோர் இங்கே வசிக்காத வெளிநாட்டு மைனரை நாங்கள் பதிவு செய்ய முடியாது. 18 வயதான பிறகு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசி வாக்கியத்தை அவன் பல தடவை படித்தான். மறுப்பாக அவன் அதைப் பார்க்கவில்லை, தேதியாகப் பார்த்தான். 2025 ஆகஸ்ட்.

அப்போதுதான் குபோவைப் பற்றிச் சொன்னேன். ஜப்பான் வீரர் டகேஃபூசா குபோவை இவனுக்கு நன்றாகத் தெரியும். அவர் அப்போது ஆடிய ஸ்பானிஷ் கிளப்பான ரியல் சோசியேடாடின் மேட்ச் பார்க்கிறவன். குபோ 2011இல் பத்து வயதில் ஜப்பானிலிருந்து பார்சிலோனா அகாடமிக்குப் போனவர். மைனர்களைச் சேர்த்த விவகாரத்தில் 2014இல் ஃபிஃபா பார்சிலோனாவுக்குத் தடை போட்டது. குபோவால் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆட முடியவில்லை. 2015இல் ஜப்பானுக்கே திரும்பினார், அங்கே ஆடினார், வளர்ந்தார். 2019 ஜூனில், 18 முடிந்த கையோடு, ரியல் மாட்ரிட் அவரை எடுத்தது. 'குபோவையே திருப்பி அனுப்பினானா?' என்று கேட்டான். ஜனவரிக்குப் பிறகு அவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

பிப்ரவரி 16ஆம் தேதி அப்பா கரை சேர்ந்தார். நகை போன விஷயம், அவர் பெயரில் போட்ட கையெழுத்து, எல்லாம் அன்று இரவே தெரிந்தது. அந்த வீட்டில் அன்று நடந்ததை நான் எழுத மாட்டேன். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். 'பதினெட்டு ஆவாம எவனும் களிக்க விடமாட்டான்னா, நாம இப்ப எதுக்கு பைசா கொடுத்தோம்?' ஏஜென்ட்டிடமும் அதே கேள்வியைப் போனில் கேட்டார். 18 ஆகும்வரை பயிற்சி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. 'அப்ப அப்புறமே பைசா வாங்கிக்கோ' என்று சொல்லி வைத்துவிட்டார்.

முடிவுகளும் பின்விளைவும்

அவன் பிப்ரவரி 20ஆம் தேதி பள்ளிக்குத் திரும்பினான். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது. தலைமை ஆசிரியர் எழுதி விலக்கு வாங்கினார். தேர்வு எழுதினான். மே 14ஆம் தேதி ரிசல்ட். எல்லாப் பாடமும் பாஸ், கணக்குப்பதிவியலில் எல்லையை ஒட்டி.

பணத்துக்காக எழுத்து மூலம் கேட்டோம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியும் சேர்ந்து பேசியதில் ஜூனில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது. மீதி வரவில்லை.

இனி நடந்ததைச் சிலர் முரணாகப் பார்க்கலாம். 2024 ஜூலையில் சென்னையில் நடந்த ட்ரையல்ஸில் அவனை ஒரு இந்தியத் தொழில்முறைக் கிளப்பின் இளையோர் அணிக்கு எடுத்தார்கள். வேறு மாநிலத்தில் தங்கிப் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் கிளப் பொறுப்பு, குடும்பத்துக்குச் செலவு இல்லை. ஆனால் பிளஸ் டூவை எங்கள் பள்ளியில் முடிக்க முடியாது. இந்தத் தடவை டி.சி. கேட்டு வந்த அன்றே கொடுத்தோம்.

ஜனவரியில் தடுத்த நான் ஜூலையில் எப்படிச் சம்மதித்தேன்? பள்ளியை விடுவது எனக்கு இரண்டு தடவையும் கவலைதான். வித்தியாசம் இதுதான்: ஜூலையில் கிளப் அவனுக்காகச் செலவு செய்தது, அவன் பெயர் அணிப் பட்டியலில் ஏறியது, முதல் மாதமே லீக் மேட்ச் ஆடினான். ஜனவரியில் செலவு அவனுடையது, மேட்ச் யாருடையதும் இல்லை.

படிப்பை அறுத்துவிடாமல் இருக்கத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அன்றே பதிவு செய்தோம். கிளம்புவதற்கு அது என் நிபந்தனை. அப்பா அதை என்னைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டார். ஐந்து பாடம். வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வு, ஏப்ரல்–மேயிலும் அக்டோபர்–நவம்பரிலும். ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். தமிழ்நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு 3 சதவீதம் இடம் இருக்கிறது. ரயில்வே, வங்கி, வருமான வரித் துறை அணிகளில் ஆடியே வீடு கட்டியவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தக் கதவெல்லாம் பிளஸ் டூ சான்றிதழ் இல்லாமல் பெரும்பாலும் திறப்பதில்லை. முழங்கால் ஒரு தடவை திரும்பினால் மிச்சம் இருப்பது அந்தத் தாள்தான்.

2025 ஏப்ரலில் மூன்று பாடம் பாஸ் ஆனான். மீதி இரண்டையும் அக்டோபரில் எழுதிக்கொண்டிருக்கிறான். ஆகஸ்டில் 18 முடிந்தது. கிளப் இரண்டு வருஷ ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது, மாதம் 18 ஆயிரம் ரூபாய். பெரிய தொகை இல்லை. ஒப்பந்தத்தை அக்காதான் படித்துப் பார்த்தாள், எல்லாப் பக்கத்தையும்.

கூட்டாளியின் கதை

கூட்டாளி 2024 செப்டம்பரில் அதே ஏஜென்ட் மூலம் ஸ்பெயினுக்குப் போனான். 12 லட்சமும் கட்டினார்கள். பிளஸ் ஒன்னோடு பள்ளியை நிறுத்தினான். அப்போது அவனுக்கு 17 வயது ஏழு மாதம்.

மோசடி என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. அகாடமி உண்மையிலேயே இருந்தது. நல்ல புல் மைதானம். மாணவர் விசா முறையாக எடுத்திருந்தார்கள். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் மொழி வகுப்பு, ஓர் அறையில் நான்கு பேர். பயிற்சியாளர்கள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவனே சொல்கிறான். ஆனால் பிப்ரவரி வரை ஒரு லீக் மேட்ச் கிடையாது, பதிவு செய்ய முடியாதே. அகாடமிப் பையன்களே ஒருவருக்கொருவர் எதிராக நட்பு ஆட்டம் ஆடிக்கொண்டார்கள். சனிக்கிழமை பக்கத்து ஊர்க் கிளப் மேட்சைக் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பானாம். 18 முடிந்து, சான்று வந்து, பதிவாவதற்குள் மார்ச் கடைசி. மாகாண அளவிலான அணி ஒன்றில் மாற்று வீரனாக மூன்று ஆட்டம் இறங்கினான். ஜூனில் விசா முடிந்து ஊர் திரும்பினான். சம்பளம் ஒரு யூரோகூட இல்லை.

அவனுக்கு வருத்தமா என்று கேட்டேன். இல்லை என்றான், முதல் தொடுதல் முன்னைவிட நன்றாகியிருக்கிறது என்றான். அது உண்மை, நான் பார்த்தேன். அப்பா மட்டும் வளைகுடாவிலிருந்து திரும்பும் திட்டத்தை மூன்று வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறார்.

எது வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்

எட்டுப் பெயரை நான் எழுதிக் கொடுத்தது முதல் தப்பு. பிள்ளைகளின் போன் நம்பர் என் சொத்து இல்லை. இப்போது யார் கேட்டாலும் கொடுப்பதில்லை; கேட்பவரின் பெயரை வாங்கி ஃபிஃபா பட்டியலில் பார்த்துவிட்டு, பெற்றோரைப் பள்ளிக்கு வரச்சொல்லி, என் முன்னால் பேச வைக்கிறேன். மேடையில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதை டோர்னமென்ட் கமிட்டியும் இப்போது யோசிக்கிறது.

டி.சி. விஷயத்தை முன்பே சொல்லிவிட்டேன். தேர்வு முடியும்வரை பொறு, ஏப்ரலில் நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று முதல் நாளே பையனிடம் சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஒளித்ததால்தான் கெட்டது.

முதல் கேள்வியும் மாறியிருக்க வேண்டும். நான் பணம் எவ்வளவு, எந்த ஊர், யார் அந்த ஆள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறந்த தேதியைக் கேட்டு, 18 எப்போது முடிகிறது என்று எண்ணி, அதுவரை எந்தக் கிளப்பில் உன் பெயர் பதிவாகும் என்று கேட்டிருந்தால், மஞ்சேரி வரை பஸ் ஏறியிருக்கத் தேவையில்லை. வெளிநாட்டு அகாடமிக்கே போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காசு இருக்கிறவர்கள், படிப்பை முடித்த பிறகு, இது பயிற்சிதான் என்று தெரிந்து போகட்டும். அதை வேலைவாய்ப்பு என்று நினைத்து நகையை வைக்கக் கூடாது.

கூட்டாளி விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அவன் என் மாணவன் இல்லை என்று ஒதுங்கிவிட்டேன். கிளப்பிலிருந்து வந்த பதிலின் நகல் பிப்ரவரியிலேயே என் போனில் இருந்தது. அவன் வீடு நடந்தால் பத்து நிமிஷம். ஒரு தடவை போயிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்களோ மாட்டார்களோ, போகவில்லை என்பதுதான் நடந்தது.

இப்போது அவன் மாலையில் என் மைதானத்துக்கு வருகிறான். சின்னப் பையன்களுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறான். பிளஸ் டூவுக்குத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்திருக்கிறோம். 2026 ஏப்ரலில் முதல் தேர்வு. விண்ணப்பத்தில் என் போன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறான், ஹால் டிக்கெட் வந்தால் எனக்குத் தெரிய வேண்டும் என்று.